கோணமலையில் வைத்தியம் பயில வந்தோர்க்கு

(இளம் வைத்தியர்களும் ஊர்ப் பெரியோரும் கூடிய சபையில், திருகோணமலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குணதிசைக் கடலுக்கு நேரே செங்குத்தாக எழுந்து நிற்கும் கோணேசர் மலையும், எத்துணைப் பெரிய கப்பலையும் உள்வாங்கத்தக்க ஆழத்தோடு குன்றுகளின் காவலில் அமைதியாய்க் கிடக்கும் உட்துறைமுகமும், உப்புவெளி, நிலாவெளி என்று வெண்மணலாய் நீண்டு செல்லும் கரையும், கன்னியாவின் ஏழு வெந்நீரூற்றுகளும் ஒருங்கே வாய்த்த இந்தப் பிரதேசத்தைப் புகழ்ந்து பேசுவது எளிது. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய காலந்தொட்டு, திமிங்கிலம் பார்க்கப் படகேறும் இன்றைய பிரயாணிகள் காலம் வரை அந்தப் புகழ்ச்சிக்குக் குறைவு இருந்ததில்லை. இத்தகைய அழகிய நாட்டில் ஒரு வைத்தியர் தமது வித்தையை எவ்வாறு பயில்கிறார், பயின்றபின் ஏன் இங்கு நிலைத்திருப்பதில்லை, நிலைத்திருக்கச் செய்வதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

வைத்திய பீடத்தில் பட்டம் பெற்ற ஒருவருக்கு இலங்கை மருத்துவச் சபை முதலில் தற்காலிகப் பதிவையே அளிக்கிறது. அவர் ஓராண்டுக் காலம், ஆறு மாதம் ஒரு துறையும் ஆறு மாதம் மற்றொரு துறையுமாக, ஒரு வைத்தியசாலையின் விடுதிகளில் இரவு பகல் பாராது உழைத்துத் தேறிய பின்னரே முழுப் பதிவுக்கு உரியவராகிறார். எந்த வைத்தியசாலைக்குச் செல்வது என்பதைத் திறமை வரிசைப் பட்டியல் தீர்மானிக்கிறது. மேலே நிற்பவர்கள் கொழும்பையும் கண்டியையும் காலியையும் எடுத்துக்கொள்ள, பட்டியல் கீழிறங்கி வரும்பொழுது எஞ்சி நிற்கும் ஊர்களுள் நமது ஊரும் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே இங்கு வருவோருள் தாமாக விரும்பி வந்தவர் சிலர். வேறிடம் வாய்க்காமையால் வந்தவர் பலர். கடலைக் கருதி, ஓராண்டை இனிதே கழிக்கலாம் என்று வந்தவரும் உளர். இவர்களில் எவரையும் நான் குறைகூறேன். இவர்கள் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது இதுதான்: இம்மாவட்டம் வைத்தியம் கற்பிக்கும் தகுதி நிரம்ப உடையது, தலைநகரத்து விடுதிகளில் அருகியே கிட்டும் பாடங்கள் இங்கு நாள்தோறும் வாயிலுக்கு வருகின்றன, அந்தப் பாடங்களைச் சொல்லித்தரும் நிபுணர்கள் இங்கு நிலைக்க வேண்டுமாயின், பட்டப்பின் பயிற்சி பெறும் வைத்தியர்கள் முறை தவறாமல் இங்கு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

தகுதி என்று சொன்னேன். அதை வெறும் வார்த்தையாக விட்டுச் செல்லலாகாது. நள்ளிரவு கடந்து மூன்று மணி இருக்கும். கந்தளாய்ப் பக்கத்து வயல் வாடியொன்றில் வேளாண்மைக்குக் காவல் படுத்திருந்த ஒருவரை உறவினர்கள் முச்சக்கர வண்டியில் தூக்கிவருகிறார்கள் என்று கொள்வோம். அவர் சொல்வது வயிற்றுவலி ஒன்றே. உடம்பில் காயமில்லை, பல்லின் தடம் கண்ணுக்குப் புலப்படவில்லை, வீக்கமோ இரத்தக் கசிவோ இல்லை. நூல்களை மாத்திரம் கற்று வந்தவர் வாய்வுக்கு மருந்தெழுதி, விடிந்ததும் பார்ப்போம் என்று தமது அறைக்குத் திரும்பிவிடக் கூடும். இந்த நாட்டு விடுதிகளில் பழகியவரோ, "எங்கே படுத்திருந்தீர்கள் ஐயா, கட்டிலிலா, நிலத்தில் பாயிலா?" என்று முதலில் வினவுவார், பின்னர் தலையை அசைக்காமல் கூரையை நோக்கும்படி சொல்லிவிட்டு, அவருடைய கண்ணிமைகள் எவ்வளவு நேரம் தாங்கி நிற்கின்றன என்று பொறுமையோடு பார்த்துக்கொண்டு நிற்பார். இமைகள் மெல்ல மெல்லச் சரிந்தால், அது கட்டுவிரியன் தீண்டிய அடையாளம். அந்தச் சர்ப்பம் தீண்டுவது பெரும்பாலும் உறக்கத்தில். தீண்டப்பட்டவருக்கு வலிகூடத் தெரியாது போகலாம். அதன் விஷம் நரம்பும் தசையும் கூடுமிடத்தைத் தாக்குவதால், இமையில் தொடங்கிய தளர்ச்சி சில மணி நேரத்துக்குள் சுவாசத் தசைகளையும் ஓயச் செய்துவிடும். அதற்கு முன்னரே செயற்கைச் சுவாசத்துக்கு வேண்டிய யாவும் ஆயத்தமாயிருந்தால், அந்த மனிதர் சில நாட்களில் தம் காலால் நடந்து வீடு திரும்புவார். அவர் பிழைப்பதும் பிழையாததும் பாயா கட்டிலா என்ற அந்த ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம், அதைக் கேட்கும் ஒரு மூத்தவரின் அருகில் நின்று வருவதேயன்றி வேறெவ்வாறும் வருவதன்று.

இதனோடு சேர்ந்த மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். நாம் உபயோகிக்கும் விஷமுறி மருந்து இந்தியாவில் தயாரிக்கப்படுவது. அதை ஏற்றும்போது நோயாளருக்கு உடனடியாக ஒவ்வாமை உண்டாவது நமது நாட்டில் அடிக்கடி நேர்ந்துவந்த துன்பம். மருந்தை ஏற்றுவதற்குச் சற்று முன்னர் அதிரினலீனைச் சிறிய அளவில் தோலின் கீழ் ஏற்றினால் இத்துன்பம் வெகுவாகக் குறையும் என்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி நிரூபித்தது. அந்த ஆராய்ச்சியில் பங்குபற்றியோர் 1,007 நோயாளர். அவர்கள் சிகிச்சை பெற்றவை இலங்கையின் மாகாணத்து வைத்தியசாலைகள். உலகம் முழுவதும் எடுத்தாளத்தக்க ஓர் உண்மை மாகாணத்து விடுதிகளின் கட்டில்களிலிருந்து பிறந்திருக்கிறது என்பதை இங்கு வந்திருக்கும் இளைஞர்கள் மனத்திலிருத்த வேண்டும்.

வயலிலிருந்து கடலுக்கு வருவோம். கிண்ணியாவிலும் கரையோரத்து ஏனைய ஊர்களிலும் சங்கும் கடலட்டையும் தேடி மூழ்கும் சுழியோடிகளை அறியாதவர் இச்சபையில் இருக்க மாட்டார்கள். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஒரே நாளில் பலமுறை ஆழத்துக்குச் சென்று, பிடித்தது போதும் என்ற அவசரத்தில் விரைவாக மேலெழும் ஒருவருடைய உடம்பில் என்ன நிகழ்கிறது? ஆழத்தின் அழுத்தத்தால் இரத்தத்திலும் தசையிலும் கரைந்திருந்த நைதரசன், அழுத்தம் திடீரென்று நீங்கியதும், மூடி திறந்த சோடாப் போத்தலில் போலக் குமிழிகளாகப் பொங்குகிறது. மூட்டுகளில் தாங்கொணா வலி தோன்றும். சிலருக்குக் கால்கள் மரத்துச் சலம் போகாமல் நின்றுவிடும். அவரைப் பாரிசவாத நோயாளர் என்று எண்ணி விடுதியில் கிடத்திவிட்டால், நேரம் கடந்தபின் நடை திரும்பாமலே போகலாம். எத்தனை பாகம் ஆழம், எத்தனை முறை, எவ்வளவு நேரத்தில் மேலே வந்தீர்கள் என்று கேட்கத் தெரிந்தவர், உடனே சுத்தமான ஒட்சிசனைக் கொடுத்துப் படுக்கையில் மட்டமாகக் கிடத்தி, கடற்படைத் தளத்திலிருக்கும் அழுத்தக் கூண்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார். கொழும்பில் பயிலும் ஒருவர் இந்த நோயைத் தமது பயிற்சிக் காலத்தில் ஒருமுறையேனும் காண்பாரா என்பது ஐயம். துறைமுக மாவட்டத்து வைத்தியருக்கோ இது தொழிலின் அன்றாடப் பகுதி.

அலரி விதையை உண்டு இதயத்துடிப்பு தடுமாறி வருவோர், பூச்சிகொல்லி அருந்தி வருவோர், சேற்று வயலில் எலிக்காய்ச்சல் பற்றி வருவோர், பதவி ஸ்ரீபுரப் பக்கத்திலிருந்து காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோயோடு வருவோர் என்று இப்பாடங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றை விரித்துரைக்க நேரம் போதாது. ஆனால் 2017ஆம் ஆண்டை மாத்திரம் நினைவூட்டாமல் விட மனம் வரவில்லை. அவ்வாண்டில் நாடு முழுவதிலும் டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டோராகப் பதிவானவர் 1,86,101 பேர். அந்தக் கொள்ளை நோய் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே கிண்ணியாவில் கடுமையாகத் தாக்கியதை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். டெங்குவில் காய்ச்சல் தணிந்தபின் வரும் ஓரிரு நாட்களே கண்டம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் அந்த நேரத்தில், கொடுக்கும் சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மணிக்கு மணி நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சலத்தின் அளவையும் குறித்து, கட்டிலின் தலைமாட்டு டிக்கட்டில் அவை ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று கண்விழித்து நோக்குகிறவர் பெரும்பாலும் அந்த விடுதியின் மிக இளைய வைத்தியரும் அவருடன் நிற்கும் தாதியுமே. நிபுணர் வகுத்த விதியை உயிராக மாற்றுவது அவர்களுடைய உறக்கமில்லாத இரவு. நோயாளரின் மத்தியில் நடந்துகொண்டே கற்பிப்பதை வைத்தியக் கல்வியின் ஆதாரமாக்கியவர் என்று மேனாட்டார் வில்லியம் ஒஸ்லரைப் போற்றுகிறார்கள். 1889இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் அவர் நிலைநாட்டிய அந்த முறைக்கு, நம்முடைய ஓர் ஆதார வைத்தியசாலையின் டெங்கு விடுதியைக் காட்டிலும் பொருத்தமான இடம் உண்டோ என்று நான் எண்ணுவதுண்டு.

ஆயினும் இந்த மாவட்டம் கற்பிக்கும் பாடங்களுள் மிகக் கடினமானது எந்த நோயும் அன்று. ஒரு நோயாளரை இங்கேயே வைத்திருப்பதா, மேலிடத்துக்கு அனுப்புவதா என்ற தீர்மானமே. கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அநுராதபுரம் நூற்றுக்குச் சற்று மேல். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கரையோரமாகச் சென்றால் அதனினும் அதிகம். மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து வள்ளத்தில் வந்த காலத்தில், வாடைக் காற்று எழுந்து கடல் கொந்தளித்தால், பிரசவ வேதனைப்படும் ஒரு தாய் அக்கரையிலேயே காத்துக் கிடப்பதன்றி வேறு கதியில்லை. தரை மார்க்கமாகச் சென்றாலும் ஆற்றுக்கு ஆறு பாதை என்னும் மிதவைப் படகில் ஏற வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டபொழுது மக்கள் அடைந்த ஆனந்தத்தின் பெரும் பங்கு இத்தகைய நினைவுகளிலிருந்து பிறந்தது. பாலம் இல்லாத இடத்தின் கொடுமை அத்தோடு தீர்ந்துவிடவில்லை. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்ட துயரத்தை அவ்வூர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. தூரமும் நீரும் இவ்வாறு குறுக்கே நிற்கும் நாட்டில், குருதிப்போக்கு நிற்காத ஒரு தாயை அம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் இங்கேயே செய்யத்தக்கது எது, வழியில் செய்யத்தக்கது எது, உடன் செல்ல வேண்டியவர் யார் என்பவற்றைச் சில நிமிஷங்களுக்குள் நிச்சயிக்க வேண்டியிருக்கிறது. 1940களின் நடுப்பகுதியில் இலட்சம் பிரசவங்களுக்கு 1,500க்கும் மேலாக இருந்த தாய்மார் மரணத்தை, 2010களில் நாற்பதுக்கும் கீழே கொண்டுவந்தது நமது தேசம். கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரும் ஆதார வைத்தியசாலையின் இளம் வைத்தியரும் இந்தத் தீர்மானத்தைச் சரியாகச் செய்யப் பழகியது அந்தச் சாதனைக்குப் பெரியதொரு காரணம்.

இத்தகைய தீர்மானங்கள் பேரிடர்க் காலத்தில் இன்னும் கடினமாயின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது கிண்ணியாவின் வைத்தியசாலையே அலையில் சிதைந்தது; நோயாளரைக் காக்க வேண்டிய இடம் தானே காக்கப்பட வேண்டியதாயிற்று. 2009 பெப்ரவரியில், யுத்தத்தின் இறுதி மாதங்களில், புதுமாத்தளனிலிருந்து காயம்பட்டோரைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது இதே துறைமுகத்தில்தான். மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழுவின் கள வைத்தியசாலை அமைந்தது. அந்நாட்களைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. கப்பல் கப்பலாக வந்தோரை வரிசைப்படுத்தி, யாருக்கு முதலில் சத்திர சிகிச்சை என்று நிச்சயித்து, ஒவ்வொருவருடைய பெயரையும் ஊரையும் கேட்டெழுதிய கைகள் இளம் வைத்தியர்களுடையவும் தாதியருடையவும் கைகள் என்பதை மாத்திரம் இச்சபை அறியக்கடவது.

இத்தனை பாடங்கள் உள்ள ஓர் இடத்தில் ஆசிரியர்கள் ஏன் நிலைப்பதில்லை? இந்தக் கேள்வி நமது தமிழ்நிலத்தில் புதியதன்று. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டிலேயே மாணவர்களுக்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் தேர்ந்ததும் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர்ச் சம்பளத்தையும் நாடிப் போய்விட, மானிப்பாயைச் சுற்றிய கிராமங்கள் முன்போலவே வைத்தியரின்றிக் கிடந்தன. அதை ஆராய்ந்து உணர்ந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பிப்பது என்று துணிந்து, அங்காதிபாதத்தையும் இரண வைத்தியத்தையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கி, கிராமத்தில் கற்றவன் கிராமத்தில் தங்குவான் என்ற தமது கொள்கையைச் செயலில் காட்டினார். ஒருவன் எங்கே, எவர் மத்தியில் பயில்கிறானோ அங்கேயே அவனுடைய தொழில் வேரூன்றும் என்று அவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கண்டதைத்தான், உலக சுகாதார ஸ்தாபனம் 2010ஆம் ஆண்டில் தொலைப் பிரதேசங்களுக்கு வைத்தியரைப் பெறுவது பற்றிய சிபாரிசுகளில் தனது பாஷையில் எடுத்துரைத்தது: கல்வி நிலையங்கள் தலைநகருக்கு வெளியே அமைய வேண்டும், பயிற்சியின் ஒரு பகுதி கிராமத்தில் நிகழ வேண்டும், கிராமத்துப் பிள்ளைகள் கல்விக்குத் தெரிந்தெடுக்கப்பட வேண்டும். வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெறுவோர் இரண்டாண்டு சிறிய மிஷன் வைத்தியசாலைகளில் சேவை செய்யக் கடமைப்படுவதும் இதே சிந்தனையின் விளைவு. அக்கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடரும் முதலில் வைத்தியம் செய்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

நமது நாட்டின் ஏற்பாட்டைப் பாருங்கள். நிபுணர் ஆவதற்குக் கப்பலேறி இங்கிலாந்து செல்வதே வழி என்றிருந்த காலம் மாறி, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980இல் அமைந்தது முதல், இந்நாட்டிலேயே பயின்று, பரீட்சையில் தேறி, பின்னர் சிறிது காலம் வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பும் முறை நிலைபெற்றிருக்கிறது. இது மகத்தான காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி பெரிய போதனா வைத்தியசாலைகளிலேயே நடைபெறுவதால், ரெஜிஸ்ட்ராராக இருக்கும் ஆண்டுகளில், அதாவது மணம் முடித்து, குழந்தை பிறந்து, வீடு எங்கே, பாடசாலை எங்கே என்று ஒரு மனிதர் தமது வாழ்வின் இருப்பிடத்தை நிச்சயிக்கும் ஆண்டுகளில், அவர் தலைநகரத்தவராகி விடுகிறார். அதன்பின் நிபுணராக நமது ஊருக்கு நியமனம் பெற்று வந்தாலும், குடும்பம் அங்கே, தாம் இங்கே என்று வாரந்தோறும் இரவுப் புகையிரதத்தில் அலைந்து, வருடாந்த இடமாற்றப் பட்டியலில் தமது பெயர் எப்போது வரும் என்று எதிர்நோக்குகிறார். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின், வெளிநாடு சென்றோர் பலர் திரும்பாமையால் இந்த இடைவெளி இன்னும் அகன்றது. குறை அவர்களிடத்திலன்று, நாம் வகுத்த வழியே அவர்களை அவ்வாறு நடத்துகிறது.

ஆகவே என்னுடைய வேண்டுகோள் இது. பொது வைத்தியம், சத்திர சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம் ஆகிய துறைகளில் பட்டப்பின் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் தமது காலத்தில் முழுமையாக ஆறு மாதமேனும் திருகோணமலை போன்ற ஒரு மாவட்டப் பொது வைத்தியசாலையில் ரெஜிஸ்ட்ராராகப் பணியாற்றுவதைப் பயிற்சியின் நிபந்தனையாக்க வேண்டும். அவர்களைப் பயிற்றும் நிபுணருக்கு, கற்பிப்பதற்கென்று வாரத்தில் குறித்த நேரம் அவருடைய கடமையின் பகுதியாக ஒதுக்கப்பட வேண்டும். ரெஜிஸ்ட்ரார் ஒருவர் இரவில் விடுதியில் இருந்தால் நிபுணரின் சுமை பாதியாகக் குறையும். கேள்வி கேட்கும் மாணவர் அருகில் இருந்தால் நிபுணரின் வித்தை துருப்பிடிக்காது. நல்ல ஆசிரியரை ஓர் ஊரில் இருத்துவதற்குச் சம்பளத்தை விட வலிய கயிறு நல்ல மாணவர்களே என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

பாஷையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் மாவட்டம் இது. மாத்தறையிலிருந்து வந்த வைத்தியர், "மேல் சுடுது, கைகால் உளையுது, நெஞ்சு பதகளிக்குது" என்று சொல்லும் மூதூர்த் தாயின் முறைப்பாட்டை ஒரு சிற்றூழியரின் வாய்வழியாக அறிகிறார். பருத்தித்துறையிலிருந்து வந்தவர் கோமரங்கடவலை விவசாயியிடம் அவ்வாறே தடுமாறுகிறார். இரு பாஷைகளிலும் நோயாளரிடம் நேரே வினவக் கற்பது இங்கு வரும் இளைஞருக்குச் சத்திரக் கத்தியைப் பிடிக்கக் கற்பதற்கு ஒப்பான தேவை. முதல் மாதத்திலேயே, விடுதி வேலைக்கு இடையே, அதற்கென்று ஒழுங்கான வகுப்பு நடத்தப்பட வேண்டும்.

ஊர்ப் பெரியோரிடம் கேட்க எனக்கு வேறொரு விஷயம் உண்டு. கடலைப் பார்த்த வீடுகளெல்லாம் உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகளாக மாறிவருவதால், ஒரு வைத்தியக் குடும்பம் நியாயமான வாடகையில் வீடு தேடினால் கிடைப்பதில்லை. உத்தியோக விடுதியின் ஒற்றை அறையில் குழந்தையோடு காலம் தள்ள இயலாது என்று கருதி மனைவியோ கணவரோ வர மறுக்கிறார். இதற்குச் சுகாதார அமைச்சு வழி செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வசதி படைத்தோர் சிலர் முன்வந்து, வருஷ ஒப்பந்தத்தில் வைத்தியக் குடும்பங்களுக்கென்று சில வீடுகளை ஒதுக்கிக் கொடுக்கலாம். பாடசாலை அதிபர்கள் அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நடு ஆண்டிலும் இடம் தர இசையலாம்.

இளம் வைத்தியர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சிறிது. நீங்கள் காணும் கட்டுவிரியன் கடியையும், சுழியோடியின் மூட்டுவலியையும், பாதையில் காத்துக் கிடந்த தாயையும் டிக்கட்டோடு ஆவண அறைக்குள் போகவிடாதீர்கள். எந்த ஊர், எந்த மாதம், வந்து சேர எவ்வளவு நேரம், செய்தது என்ன, முடிந்தது எவ்வாறு என்று நோயாளரின் பெயரை நீக்கி ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை கூடி, அதை வாசித்து, உங்களுக்குப் பின் வருவோருக்கு ஒப்படையுங்கள். அத்தகைய பதிவேடு ஒன்றை இவ்வைத்தியசாலையில் வருகிற மாதமே தொடங்குவதற்கு இங்கு அமர்ந்திருக்கும் நிபுணர்கள் இணங்கினால், அதன் முதற் கூட்டத்துக்கு வந்து உடனிருக்க நான் சித்தமாயிருக்கிறேன்.